ஆயா வேலைக்குப் போன கோடை

2009ஆம் வருஷம், பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு தேர்வு முடிந்த மூன்றாம் நாள், சேலத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அந்த வீட்டில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நாலு வயசில் ஒரு பையன், ஒன்றரை வயசில் ஒரு பாப்பா. வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை வேலை. ஞாயிறு லீவு. மாதம் 2,000 ரூபாய், மதியச் சாப்பாடு அங்கேயே. ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அந்தப் பணத்தில்தான் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

முதல் வாரத்திலேயே ஒன்று கவனித்தேன். இந்த வேலையை எங்கள் வீட்டிலும் மறைத்தார்கள், அந்த வீட்டிலும் மறைத்தார்கள்.

எங்கள் தெருவில் யாராவது, "உங்க பொண்ணு லீவுல எங்கீங்க தினமும் போகுது?"ன்னு கேட்டால் அம்மா சொல்லும் பதில்: "சேலத்துல ஒரு வீட்ல டியூஷன் சொல்லித் தர்றா." ஒன்றரை வயசுப் பாப்பாவுக்கு என்ன டியூஷன்னு நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அங்கே விருந்தாளி யாராவது வந்து, "யாருங்க இந்தப் புள்ள?"ன்னு கேட்டால் அந்த அக்கா சொல்வார்: "நமக்குத் தெரிஞ்ச பொண்ணுதாங்க. லீவுக்கு வந்திருக்கு." கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. காலேஜ் படிக்கிற பெண்ணை வேலைக்காரி என்று சொல்ல அவருக்குச் சங்கடம். எனக்கும் அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மட்டும் கீழ் வீட்டிலிருந்து வந்த ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "புது ஆயாவா?" அந்த அக்கா முகம் சுருங்கிப்போனது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இவ்வளவு வருஷம் கழித்து, அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏன் அப்படி ஓடினேன் என்று தேடிப் பார்த்த குறிப்புகள்தான் இவை.

ஒரே சொல், இரண்டு ஆயா

சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் பாட்டியைக் கூப்பிடுவதே 'ஆயா'ன்னுதான். தாயைக் குறிக்கும் 'ஆய்' தமிழில் பழைய சொல். ஆக, வீட்டில் ஆயா என்றால் மரியாதை. அதே சொல்லை ஸ்கூலிலோ ஆஸ்பத்திரியிலோ சொன்னால் கூட்டிப் பெருக்கி, குழந்தைக்குக் கால் கழுவி விடுகிற சம்பளக்காரப் பெண். ஒரே ஊரில், ஒரே வாயில் இரண்டு அர்த்தமும் குழப்பமில்லாமல் புழங்குகிறது.

இந்த இரண்டாவது ஆயா கப்பலில் வந்தவள். போர்ச்சுக்கீசிய மொழியில் 'ஆய்யா' என்றால் பெரிய இடத்துக் குழந்தைகளை வளர்த்துக் கவனிக்கும் பெண். போர்ச்சுக்கீசியர் இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்த சொல்லை, பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1886ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இந்த வழியைத்தான் பதிவு செய்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்தப் போர்ச்சுக்கீசியச் சொல்லின் வேர். லத்தீனில் 'ஆவியா' என்ற சொல்லிலிருந்து அது வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. ஆவியா என்றால் பாட்டி. ஊரெல்லாம் சுற்றி அது மறுபடியும் நம்ம ஆயாகிட்டயே வந்து நிற்கிறது.

ஐரோப்பாவில் மதிப்போடு இருந்த அந்தச் சொல் இங்கே வந்ததும் படியிறங்கியது. அங்கே அது சில வீடுகளில் படித்த, குடும்பப் பெருமை உள்ள பெண்ணுக்கான பதவி. இங்கே வெள்ளைக்காரக் குடும்பத்தில் சம்பளத்துக்கு நின்ற இந்தியப் பெண்ணுக்கான பெயர். சேலம் பக்கம் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைக்குப் பிறகு கம்பெனி ஆட்சிக்கு வந்தது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டக்காரர்கள், அதிகாரிகள், பாதிரிமார்கள் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் குடும்பங்களில் சமையல்காரர், குதிரைக்காரர் மாதிரி ஆயாவும் வழக்கமான வேலையாள்.

அந்தக் குடும்பங்கள் சீமைக்குத் திரும்பும்போது, கப்பலில் பல வாரங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்ததும் சிலருக்கு வேலை முடிந்தது என்று கணக்குத் தீர்த்துவிடுவார்கள். திரும்பி வர டிக்கெட் கிடையாது. அப்படி நடுத்தெருவில் நின்றவர்களுக்காக லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' ஒன்று இருந்தது. ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அது 1900ல் ஹாக்னிக்கு மாறியது. இந்தியாவுக்குக் கிளம்பும் வேறொரு குடும்பம் வேலைக்கு எடுக்கும் வரை அங்கே தங்கலாம். அந்தோணி பெரேரா என்ற ஆயா இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை போய்வந்ததாகப் பதிவு இருக்கிறது. 2022ல் அந்த இல்லம் இருந்த கட்டடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள்.

54 கடல் பயணம் போன ஒரு ஆணைப் பற்றி நமக்குப் புத்தகமே கிடைத்திருக்கும். ஆயாக்களில் பெரும்பாலானவர்களின் சொந்தப் பெயர்கூட இல்லை. எந்தக் குடும்பத்தோடு போனார்களோ அந்தக் குடும்பத்தின் பெயரால்தான் கப்பல் பதிவேடுகளில் பலர் இருக்கிறார்கள்: இன்னார் வீட்டு ஆயா.

சம்பளமில்லாத ஆயா: மூத்த பெண்

இது வெள்ளைக்காரன் வீட்டுக் கதை. நம்ம ஊர்க் காட்டிலும் தறிக் கொட்டாயிலும் குழந்தையை யார் பார்த்தார்கள்?

பாட்டிக்கு உடம்பு முடிந்தவரை பாட்டி. கோடை லீவு விட்டால் அம்மாயி வீடு. அது இரண்டும் இல்லாத வீட்டில் மூத்த பெண். எட்டு, ஒன்பது வயசுப் பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு. குழந்தை கனத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும் அந்தப் பெண்ணை என் தலைமுறையிலும் பார்த்தவர்கள் உண்டு. தாய் களை எடுக்கப் போயிருப்பாள், அல்லது ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கு உரிக்கப் போயிருப்பாள், அல்லது வீட்டிலேயே தார் சுற்றிக்கொண்டிருப்பாள்.

என் அம்மா அப்படி ஒருத்தி. இதை நான் அந்த 2009 கோடையில்தான் முதன்முறையாக முழுசாகக் கேட்டேன். அம்மாவுக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. ராசிபுரம் பக்கத்தில் ஒரு காட்டுக்கார வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். சம்பளம்னு ஒன்றும் பேசவில்லை. மூணு வேளை சோறு, தீபாவளிக்குப் பாவாடை சட்டை, எங்கள் தாத்தா அங்கே வாங்கியிருந்த கடனில் கொஞ்சம் கழிவு. "கொஞ்ச நாளைக்குத்தான்"னு சொன்னது மூன்று வருஷம் ஆனது. மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை.

அது 1975ஆம் வருஷம். அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. இன்றைய அங்கன்வாடிகள் அதன் வழியாக வந்தவை. அம்மாவின் ஊருக்கு அது வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடம் கட்டினார்கள், தங்கச்சியை யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்த கதையை நாம் சோற்றிலிருந்து தொடங்குவோம். 1920ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு, 1956ல் காமராஜர் திட்டம், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. எல்லாம் உண்மை. பசித்த பையனைச் சோறு பள்ளிக்குக் கொண்டுவந்தது. இடுப்பில் தங்கச்சி இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு தடை இருந்தது. அவள் வர வேண்டுமென்றால் முதலில் அந்தக் குழந்தையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதே கண்ணோடு 1953ஐயும் பார்க்கலாம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917ல் இந்த நகராட்சிக்குத் தலைவரான ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அது. பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, காமராஜர் பதவிக்கு வந்ததும் 1954ல் கைவிடப்பட்டது. அந்த விவாதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சாதித் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறோம். அது சரிதான். கூடவே இன்னொன்றையும் நினைக்கிறேன். பெண் குழந்தைக்கு 'வீட்டுத் தொழில்' என்றால் என்ன? அடுப்பும் தொட்டிலும்தானே. திட்டம் போனது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அந்த அரைநாள் பள்ளி, சட்டமில்லாமலே ரொம்ப காலம் தொடர்ந்தது.

அரசாங்கம் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டது 1986ல். அந்த வருஷத் தேசியக் கல்விக் கொள்கையில், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காகவே பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் அமைக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். என் அம்மாவைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி! பதினொரு வருஷம் லேட்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை; அது 1997ல்தான். வேண்டாம் என்று நினைத்த பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் போடச் சொன்னார்கள். பெண் பிறந்தால் பாரம் என்று சொன்ன அதே வீடுகளில், உயிரோடு வளர்ந்த பெண்கள்தான் அடுத்த குழந்தையைச் சுமந்தார்கள்.

சட்டம் போகாத இடம்

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 1976 திருத்தத்தில் அதை 30 பெண்கள் என்று குறைத்தார்கள். பெரிய நூற்பாலைக்கு இது பொருந்தியது.

ஆனால் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். விசைத்தறி நிறைய ஓடுவது வீட்டை ஒட்டிய கொட்டாயில். ஒரு கொட்டாயில் சில தறிகள், கையளவு ஆட்கள். சேலத்தில் கொலுசு வேலை நடப்பது வீட்டுத் திண்ணையில், பின்கட்டில். முப்பது பெண்கள் ஒரே கூரையின் கீழ் சேர மாட்டார்கள். ஆகவே சட்டப்படி அங்கே குழந்தையும் இல்லை! தறிச் சத்தத்துக்கு நடுவே சேலையில் கட்டிய தொட்டிலில் அது தூங்கும். அழுதால் மூத்த பெண் ஆட்டுவாள்.

அடுத்தவர் வீட்டில் வேலைக்கு விடப்பட்ட சின்னப் பெண்களுக்குச் சட்டம் இன்னும் தாமதமாகத்தான் வந்தது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோது, வீட்டு வேலை தடைப் பட்டியலில் இல்லை. 14 வயசுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 10. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால்கூட எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் இப்படி நின்றுபோனாள். "பெங்களூர்ல பாப்பா பாத்துக்கப் போயிட்டா"ன்னு சொன்னார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மதிப்பூதியம் என்ற சொல்

சம்பளம் கொடுத்துக் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் வைத்த பெரிய முதலாளி, கடைசியில் அரசாங்கம்தான். பால்வாடி டீச்சர், பால்வாடி ஆயா என்ற இரண்டு பேரை ஊர்தோறும் கொண்டுவந்தது சத்துணவும் அங்கன்வாடியும். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அது ஒரு பிடிமானம். காலணா கையில் இல்லாமல் இருந்த பெண்ணுக்கு மாதாமாதம் பணம். அதே நேரத்தில் அந்தப் பணத்துக்கு நாடு முழுவதும் வைத்த பெயர் 'மதிப்பூதியம்'. கூலி இல்லை, சம்பளம் இல்லை, மரியாதைக்குக் கொடுப்பது. அவர்கள் பணியாளர்களா, சேவை செய்பவர்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரல் 25ஆம் தேதித் தீர்ப்பில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு, அவர்கள் வாங்கும் மதிப்பூதியம் அந்தச் சட்டப்படி ஊதியமே என்று நீதிமன்றம் சொன்னது. திட்டம் தொடங்கி 46 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சம்பளத்துக்கு வேறு பெயர் வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. வெளிநாடுகளில் கல்லூரிப் பெண்கள் கோடையில் குழந்தை பார்க்கப் போவது சாதாரணம். அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பிரெஞ்சில் 'சமமாக' என்று பொருள். இளம்பெண் ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைக் கவனித்து, மொழி கற்றுக்கொள்வாள். 1969ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இதற்காக ஒரு ஒப்பந்தமே போட்டார்கள். எழுத்தில் உடன்பாடு வேண்டும், பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, படிக்க நேரம், கைச்செலவுப் பணம். இவர்கள் மாணவிகளா, தொழிலாளிகளா என்ற கேள்விக்கு, இரண்டின் தன்மையும் கொண்ட தனி வகை என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. அங்கேயும் 'சம்பளம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார்கள். ஆனாலும் எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள். நான் ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம் வேலை செய்தேன். அதை நான் எண்ணிப் பார்த்ததே இந்த ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான்.

நேரத்தை எண்ணினால்தான் வேலை கண்ணுக்குத் தெரியும். 2019ல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தைகளையும் முதியவர்களையும் சம்பளமின்றிக் கவனிக்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 76 நிமிடம். சமையல், துவையல் எல்லாம் இதில் சேராது. அது தனிக் கணக்கு: பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

மே கடைசி

இப்போது எனக்குப் புரிவது இதுதான். கீழ் வீட்டு அம்மா 'ஆயாவா'ன்னு கேட்டபோது நான் ஓடியது வேலைக்கு வெட்கப்பட்டு இல்லை. பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்று உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து நாள் முழுவதும் பார்த்துக்கொண்டவள் நான். அதில் எனக்குப் பெருமைதான். அந்தச் சொல், நம்ம ஊரில் அதுவரை யார் யார் இந்த வேலையைச் செய்தார்களோ அவர்கள் எல்லாருடைய இடத்திலும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது: கடனுக்கு விடப்பட்ட பிள்ளை, புருஷன் இல்லாத பெண், பெயரில்லாமல் கப்பல் ஏறியவள். படிப்பு என்னை அங்கிருந்து தூக்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா 'டியூஷன்'னு சொன்னதும் அதனால்தான். அவளுக்கு அந்த இடம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

மே கடைசியில் இரண்டு மாதச் சம்பளத்தையும் சேர்த்து வாங்கினேன். வேலை தொடங்கின கணக்குப்படி இரண்டாம் மாதம் நாலு நாள் குறைகிறது என்று 250 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தெரிஞ்ச பொண்ணு எப்படிக் கணக்குக் கேட்பாள்?

வீட்டுக்கு வந்து பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா இரண்டு தடவை எண்ணிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"ராத்திரிக்கு அழுதா யாரு கண்ணு பாத்துக்குவாங்க?"

"அவங்கம்மாதான். நான்தான் ஆறு மணிக்குக் கிளம்பிருவேனே."

"ம்… நான் ராத்திரியும் பக்கத்துலயே படுத்துக்கணும். தூக்கத்துல புரண்டு குழந்தை மேல விழுந்திருவனோன்னு உக்காந்தே தூங்குவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அம்மா தூக்கி வளர்த்த அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயசு இருக்கும். ராசிபுரம் சந்தையில் எப்போதாவது பார்த்தால் அவர் அம்மாவை "அக்கா, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்பார். யார் தூக்கி வளர்த்தது என்று அவருக்குத் தெரியுமான்னு நான் கேட்டதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் அம்மாவோ ஆயாவோ உயிரோடு இருந்தால், சின்ன வயசில் யாருடைய குழந்தையை இடுப்பில் வைத்திருந்தீர்கள், அதனால் எந்த வகுப்போடு நின்றது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள்.